கொழும்புக் கோட்டையை விட்டு வெளியே வந்த 73 பேரில் ஒருவர்

மாவனல்லையில் கண்டி பஸ் ஏறினால், மகா ஓயாப் பாலத்தைத் தாண்டியதும் உதுவன்கந்தை கண்ணில் படும். எங்கள் ஊரில் அந்த மலையைக் காட்டி யாரும் சொல்லும் கதை சரதியலுடையது. பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்றும், 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டவன் என்றும் சிங்களவரும் முஸ்லிம்களும் தோட்டத்துத் தமிழரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தில் முனகத் தொடங்கும்போது கதை முடிந்திருக்கும்.

அதே பாதைக்கு இன்னொரு கதை இருப்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. ஊடகக் கற்கையில் பட்டம் முடித்து, கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கி எழுதும் சுயாதீனச் செய்தியாளராக அலைந்த நாட்களில்தான் அது கையில் கிடைத்தது. சப்ரகமுவத் தோட்ட லயன்களைப் பற்றி நான் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையை ஒரு பத்திரிகை எட்டு மாதம் வைத்திருந்துவிட்டுப் போடாமல் விட்டது. அந்தச் சலிப்பில் நூலகத்தில் உட்கார்ந்து பழைய புத்தகங்களைப் புரட்டியபோது பி. ஈ. பீரிஸ் மொழிபெயர்த்த ரிபெய்ரோவின் இலங்கை வரலாறு அகப்பட்டது. எழுதியவர் உயிரோடு இருந்தவரை அச்சேறாத புத்தகம் என்று முதலில் அறிந்ததும், மூடி வைக்க மனம் வரவில்லை.

ஜுவாவ் ரிபெய்ரோ போர்த்துக்கேயப் படையில் ஒரு கப்டன். 1622இல் பிறந்தவர், 1693இல் இறந்தவர். பதினெட்டு வயதில் இலங்கைக்கு வந்து, ஏறத்தாழப் பதினெட்டு வருடங்கள் இங்கே சண்டை போட்டு, தோற்றுப் போய்த் திரும்பியவர். வயது அறுபதைத் தாண்டிய பிறகு தான் பார்த்ததை உட்கார்ந்து எழுதினார்.

படையிலிருந்தவர்கள் பின்னர் வரலாறு எழுதுவது உலகத்தில் புதிதல்ல. பிரஷ்யாவின் பீரங்கிப்படை அதிகாரி டெம்பெல்ஹோஃப், ஏழாண்டுப் போரில் தானே நின்று சண்டையிட்டு, பிறகு அந்தப் போரின் வரலாற்றைப் பல பாகங்களாக எழுதினார். அவருக்குப் பின்னால் வென்ற அரசு ஒன்று இருந்தது. எழுதியதும் அச்சேறியது, ஜெனரல் பதவி வரை உயர்ந்தார். ரிபெய்ரோ எழுதியது தோற்ற போரை. அதை வாசிக்க அவருடைய நாட்டில் ஆளில்லை.

1640: பிழையான நேரத்தில் வந்தவர்

ரிபெய்ரோ இங்கே வந்து சேர்ந்த 1640ஆம் ஆண்டு, போர்த்துக்கேயருக்கு எல்லாம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1638 மார்ச்சில், கன்னொறுவையில் அவர்களுடைய படை அழிந்தது. கப்டன் ஜெனரல் தியோகு த மெலோவும் அங்கேயே மாண்டார். கண்டி மலையில் உயிரை விட்ட முதல் தளபதி அவரல்ல. 1594இல் பெத்ரோ லோப்பஸ் த சோசா, 1630இல் ஊவாவில் கொன்ஸ்தந்தினோ த சா என்று ஏற்கெனவே இருவர் போயிருந்தார்கள். மூன்று முறையும் நடந்தது கிட்டத்தட்ட ஒன்றே. மேலே ஏறும்வரை கண்டிப் படை வழிவிடும். திரும்பும்போது காட்டுப்பாதை மூடப்பட்டிருக்கும். கூட வந்த உள்ளூர்ப் படைவீரர்கள், அதாவது லஸ்கரீன்கள், பக்கம் மாறுவார்கள்.

கன்னொறுவைக்குப் பிறகு இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். திருகோணமலை 1639இலும், நீர்கொழும்பும் காலியும் 1640இன் தொடக்கத்திலும் ஒல்லாந்தர் கைக்கு வந்தன. அந்த வருடக் கடைசியில் போர்த்துக்கேயர் நீர்கொழும்பை மீட்டாலும் 1644இல் மறுபடி இழந்தார்கள். இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் அந்தப் பதினெட்டு வயதுப் பையன் வந்து இறங்கினான்.

அதே 1640 டிசம்பரில் போர்த்துக்கல்லும் ஸ்பெயினின் ஆட்சியை உதறித் தனி நாடானது. எந்த அரசனின் படையாளாகக் கப்பல் ஏறினாரோ, அந்த அரசன் அந்த வருடம் முடியும் முன்பே அவருக்கு அரசன் இல்லை என்று ஆயிற்று. ஆறு மாதக் கடல் தூரத்தில் இருப்பவனுக்கு அந்தச் செய்தியே தாமதமாகத்தான் வரும். சம்பளமும் அப்படித்தான்.

எங்கள் மாவட்டம், அவர்களுடைய முகாம்

இன்று கேகாலை மாவட்டம் என்று நாம் சொல்லும் நிலத்தின் பெரும்பகுதி அன்று நான்கு கோறளை. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏற வேண்டிய படைக்கு இதுதான் வாசல். போர்த்துக்கேயர் தங்கள் உள்நாட்டு முகாமை மெனிக்கடவரையில் வைத்திருந்தார்கள். கடுகண்ணாவைக்கு அருகே பலனே கோட்டை. அதைத் தாண்டினால் மலைராச்சியம். நாங்கள் டியூஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்த பாதையின் ஓரங்களில் ஒரு நூற்றாண்டு முழுக்க இரண்டு அரசுகளின் படைகள் ஏறி இறங்கியிருக்கின்றன.

ரிபெய்ரோவின் புத்தகம் மூன்று பகுதிகளாக இருக்கிறது. முதலாவது, நாட்டைப் பற்றியது. கறுவா, யானை, முத்து, கோட்டைகள், கோறளைகளை ஆண்ட திசாவைகள், கிராமங்களைப் பங்கு போட்ட முறை, ஊர் வழக்கங்கள். இரண்டாவது, போர்களைப் பற்றியது. மூன்றாவது, ஏன் தோற்றோம் என்பது.

முதல் பகுதியை வாசிக்கும்போது எனக்குப் பிடித்தது, எதற்கு என்ன விலை, யாருக்கு எது உரிமை என்று ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோடு அவர் பார்ப்பது. யானையை எப்படிப் பிடித்தார்கள், எங்கே விற்றார்கள் என்று எழுதுவார். கிராமங்களைப் பெற்றுக்கொண்ட தன் நாட்டுக்காரர்கள் அங்கிருந்த மக்களை எப்படி நடத்தினார்கள் என்றும் எழுதுவார். அந்த அநியாயங்களை அவர் மூடி மறைக்கவில்லை. நாட்டை இழந்ததற்கு ஒல்லாந்தரின் பீரங்கி மட்டும் காரணமல்ல, நாங்கள் செய்த அக்கிரமமும் காரணம் என்பது புத்தகம் முழுக்க ஓடும் அவருடைய கருத்து.

ஆனால் அவர் சொல்வதையெல்லாம் அப்படியே எடுக்க முடியாது. ஆண்டுகள் குழம்பும். தான் வருவதற்கு முந்திய காலத்தைக் கேள்விப்பட்ட கதைகளைக் கொண்டு நிரப்புவார். இதில் பெரிய சிக்கல் மல்வானை உடன்படிக்கை. கோட்டை அரசன் தர்மபாலன் 1597இல் இறந்த பிறகு, சிங்களப் பிரதானிகள் மல்வானையில் கூடி, தங்கள் சட்டங்களையும் வழக்கங்களையும் காப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டு போர்த்துக்கல் அரசனை ஏற்றார்கள் என்ற செய்தி பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அதற்கு முக்கிய ஆதாரம் ரிபெய்ரோ. அந்தக் கூட்டம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அவர் பிறக்கவே இல்லை. வரலாற்றாசிரியர் திகிரி அபேசிங்க 1960களில் இதை ஆராய்ந்து, அப்படியொரு உடன்படிக்கை நடந்ததாகக் கொள்ள முடியாது, அது கட்டுக்கதை என்று வாதிட்டார்.

செய்தியாளருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கண்ணால் பார்த்த ஒருவர், பார்க்காததையும் அதே குரலில் சொல்லும்போது கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ரிபெய்ரோவை நான் வாசிக்கும் முறை இதுதான்: 1640க்கு முந்தியதென்றால் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். 1640க்குப் பிந்தியதென்றால் காது கொடுக்க வேண்டும்.

கலகமும் முற்றுகையும்

ஒல்லாந்தரோடு இருந்த போர் நிறுத்தம் 1652இல் முறிந்தது. அந்த வருடமே போர்த்துக்கேயப் படைவீரர்கள் கலகம் செய்து, தங்கள் கப்டன் ஜெனரல் மனுவேல் மஸ்கரேஞ்ஞஸ் ஹோமெமையே பதவியிலிருந்து இறக்கினார்கள். எதிரி வாசலில் நிற்கும்போது சொந்தத் தளபதியைப் பிடித்து அடைக்கும் அளவுக்கு ஒரு படை வெறுத்துப் போயிருந்தது என்றால், உள்ளே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

1655 அக்டோபரில் களுத்துறை விழுந்தது. அதோடு கொழும்பு முற்றுகை தொடங்கியது. கடல் பக்கமும் தரைப் பக்கமும் ஒல்லாந்தர், அவர்களுக்குத் துணையாக இராஜசிங்கனின் படை. உள்ளே தளபதி அந்தோனியோ த சோசா கூத்தினோ. ரிபெய்ரோவும் உள்ளேதான். கோவாவிலிருந்து உதவிக் கப்பல் வரும், வரும் என்று பார்த்திருந்தார்கள். ஏழு மாதம் போயிற்று. கப்பல் வரவில்லை.

முதலில் அரிசி தீர்ந்தது. பிறகு கோட்டைக்குள் நின்ற யானைகளைத் தின்றார்கள். நாய், பூனை, எலி என்று எல்லாம் போயிற்று. கொள்ளைநோய் வந்தது. சண்டையிட முடியாதவர்களை, பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள் என்று பாராமல், கோட்டைக்கு வெளியே தள்ளினார்கள். வெளியே இருந்த ஒல்லாந்தர், உள்ளே இருப்பவர்களின் பசி குறையக்கூடாது என்பதற்காக அவர்களைத் திரும்ப உள்ளே விரட்டினார்கள். இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவே இருந்த வெளியில் அந்தச் சனம் செத்தது. பசி தாங்காத தாய்மார் என்ன செய்தார்கள் என்றும் ரிபெய்ரோ எழுதியிருக்கிறார். அதை நான் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை.

அந்தப் பக்கங்களை நான் முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து தேத்தண்ணி குடித்தேன். பிளேன்டீ ஆறிப்போகும் வரை என் நினைவு 1656இல் இருக்கவில்லை, 2009இல் இருந்தது. ஒரு துண்டு நிலத்துக்குள் சனத்தை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சண்டையிட்டால் என்ன நடக்கும் என்று இந்தத் தீவு ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. அதை ஒருவர் எழுதியும் வைத்திருக்கிறார். எழுதி வைத்ததால் மறுமுறை நடக்காமல் போகவில்லை.

1656 மே 12. கொழும்பு சரணடைந்தது. உயிரோடு மிஞ்சிய படைவீரர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்தார்கள். ரிபெய்ரோ சொல்லும் எண்ணிக்கை 73. கை போனவர்களும் கால் போனவர்களும் அதில் அடக்கம், எல்லோரும் பிணம் போல இருந்தார்கள் என்கிறார். அந்த 73 பேரில் தானும் ஒருவராக நின்றுதான் எழுதுகிறார்.

கோட்டை கிடைத்ததும் ஒல்லாந்தர் இராஜசிங்கனுக்குக் கதவைத் திறக்கவில்லை. கொழும்பைத் தருவார்கள் என்று நம்பிப் படை அனுப்பிய அரசன் ஏமாந்து மலைக்குத் திரும்பினான். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் இன்றும் சொல்வார்கள். மாவனல்லைச் சந்தையில் இரண்டு கடை முதலாளிமார் பேசிக்கொள்ளும்போது அந்தப் பழமொழியை நானே கேட்டிருக்கிறேன். அவர்கள் பேசியது தேர்தலைப் பற்றி.

மதிலுக்கு வெளியே இருந்தவர்

இந்த முற்றுகைக்கு மறுபக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. யோஹான் யாக்கோப் ஸார் என்ற ஜெர்மன்காரர், நூரன்பேர்க்கைச் சேர்ந்தவர், ஒல்லாந்தக் கம்பெனியில் கூலிப்படையாளாகச் சேர்ந்து மதிலுக்கு வெளியே நின்று சண்டையிட்டார். பதினைந்து வருடச் சேவை முடித்து ஊர் போனவர், 1662இலேயே தன் அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். பத்து வருடத்தில் இரண்டாம் பதிப்பும் வந்தது.

ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்ற இரண்டு சாதாரணப் படையாட்கள். வென்ற பக்கத்துக் கூலியாள் ஆறு வருடத்தில் அச்சில் வந்தார். தோற்ற பக்கத்துக் கப்டன் இன்னும் பேனாவைக்கூடத் தொடவில்லை.

கொழும்புக்குப் பிறகும் ரிபெய்ரோவுக்குப் போர் முடியவில்லை. 1658இல் மன்னார் விழுந்தது. அந்த வருடம் ஜூனில், மூன்று மாத முற்றுகைக்குப் பிறகு யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. போர்த்துக்கேயருக்கு இலங்கையில் இருந்த கடைசி நிலம் அது. ரிபெய்ரோவும் ஒல்லாந்தரின் கைதியானார். கைதிகளைப் பத்தாவியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஐரோப்பாவுக்கு. பதினெட்டு வயதில் போனவர் நாற்பதை நெருங்கி ஊர் திரும்பினார்.

அச்சுக்குக் காத்திருந்த 151 வருடம்

1685இல் புத்தகத்தை முடித்து, அரசன் இரண்டாம் பெத்ரோவுக்குக் காணிக்கையாக்கினார். அதன் மூன்றாம் பகுதிதான் அவருடைய மனக்குமுறல். ஆபிரிக்கக் கரையிலிருந்து மக்காவ் வரை கண்ட கண்ட துறைமுகத்திலெல்லாம் கோட்டை கட்டி, இருக்கும் கொஞ்ச ஆட்களைச் சிதறடித்ததே நாம் செய்த பெரும் பிழை என்பது அவர் வாதம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இலங்கை ஒன்றில் மட்டும் ஊன்றியிருந்தால் மிச்சமெல்லாம் தானாக வந்திருக்கும் என்கிறார். இந்தியா போனாலும் பரவாயில்லை, இலங்கை போயிருக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம்.

அரசன் கையில் புத்தகம் கொடுக்கப்பட்டபோது இலங்கை போய் இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆலோசனையால் யாருக்கும் பயனில்லை. எட்டு வருடம் கழித்து ரிபெய்ரோ இறந்தார். அதுவரை ஒரு பக்கம்கூட அச்சாகவில்லை.

அவர் இறந்து எட்டு வருடத்துக்குப் பின், 1701இல் அது முதன்முதலாக அச்சில் வந்தது. அதுவும் அவருடைய மொழியில் அல்ல, பிரெஞ்சில். மொழிபெயர்த்த பாதிரியார் லு கிரான், வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை விட்டு, தன் விருப்பப்படி மாற்றினார். அந்தப் பிரெஞ்சிலிருந்துதான் 1847இல் இலங்கையின் தபால்மா அதிபர் ஜோர்ஜ் லீ ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ரிபெய்ரோ எழுதிய போர்த்துக்கேய மூலம் லிஸ்பனில் அச்சானது 1836இல், எழுதி முடித்து 151 வருடம் கழித்து. அந்த மூலத்திலிருந்து பி. ஈ. பீரிஸ் ஆங்கிலத்தில் தந்தது 1909இல்.

எட்டு மாதம் கட்டுரை முடங்கியதற்காக நான் பட்ட கவலையை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

ரிபெய்ரோவை நல்லவராக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் பிறர் மண்ணைப் பிடிக்க வந்த படையில் ஒருவர். அந்த அரசு முஸ்லிம்களைத் தன் ஆட்சிப் பகுதியிலிருந்து விரட்டியது. விரட்டப்பட்டவர்களுக்குக் கண்டி அரசன் இடம் கொடுத்தான். மாவனல்லையைச் சுற்றியுள்ள முஸ்லிம் ஊர்களில் வயதானவர்கள் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லும்போது, கண்டி ராஜாவின் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்வதைக் கேட்கலாம். இலங்கை கையை விட்டுப் போனதே என்றுதான் ரிபெய்ரோ வருந்தினார். பிடித்திருக்கவே கூடாது என்று அவருக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

என்னை உறுத்துவது அந்த 73 என்ற எண். வெளியே வந்த தன் நாட்டுப் படைவீரர்களை அவர் ஒவ்வொருவராக எண்ணியிருக்கிறார். இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே செத்த ஊர்ச் சனத்துக்கு அப்படியொரு எண் இல்லை. அவரோடு காடும் மேடும் நடந்த லஸ்கரீன்களுக்கும் இல்லை. சாட்சி நேர்மையானவர்தான். ஆனால் யாரை எண்ண வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதோ அவர்களை மட்டுமே எண்ணினார்.

எண்ணிக்கை என்றால் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழைய பயம் உண்டு. 1948இல் குடியுரிமை போயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். என் தாத்தா அதில் எந்த எண்ணுக்குள் விழுவார் என்று தெரியாமல் பல வருடம் றபர் பால் வெட்டினார். அந்தத் தாளில் எண் இருந்தது, ஆள் இல்லை. ரிபெய்ரோவின் தாளில் ஆள் இருந்தார்கள், அவர்களுக்கு எண் இல்லை. இரண்டும் ஒரே குறைதான்.

நான் திரும்பவும் அந்த லயன் கட்டுரையை எடுத்தேன். முதல் வடிவத்தில் எத்தனை குடும்பம், எத்தனை அறை, எத்தனை மலசலகூடம் என்று புள்ளிவிபரம் நிறைய இருந்தது. அந்த அறைகளில் யார் இருந்தார்கள் என்பது குறைவு. பத்திரிகை அதைப் போடாததில் ஒரு நியாயம் இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் பட்டது. மறுபடி தோட்டத்துக்குப் போய், அறை அறையாக உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். எப்போது முடியும் என்று தெரியாது. யார் போடுவார்கள் என்றும் தெரியாது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் முனகும்போது இப்போது நான் உதுவன்கந்தையை மட்டும் பார்ப்பதில்லை. எதிர்ப்பக்கத்துச் சரிவையும் பார்க்கிறேன். இந்த வழியே ஏறிப்போன படைகளின் தளபதிகள் பெயர்கள் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு மூட்டை சுமந்தவர்களின் பெயர்கள் எதிலும் இல்லை.